மீன் படாத பாடு

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து முப்பத்தோரு வருடம் அடுத்தவர் பேச்சைப் பேசிச் சம்பாதித்தவள் நான். ஒரே நாளில் காலையில் அமைச்சராகவும், மதியம் உரக் கம்பெனி முதலாளியாகவும், சாயங்காலம் அந்த முதலாளியால் வேலை போன தொழிலாளியாகவும் இருந்திருக்கிறேன். மூன்று பேருக்கும் 'நான்', 'நான்' என்றுதான் பேசினேன். பேசுகிறவர் 'எனக்குக் கோபம் வருகிறது' என்றால் 'அவருக்குக் கோபம் வருகிறதாம்' என்று நாம் சொல்லக்கூடாது, நமக்கே வர வேண்டும். இதையெல்லாம் உங்களுக்கு மொழிபெயர்ப்பு வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். ஹெட்போனை எப்படி மாட்டுவது, தண்ணீர் பாட்டிலை மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது ஒரு வார்த்தையைப் பற்றி. இரண்டே எழுத்து. அது ஒரு மனிதரின் பேச்சை அவர் ஊரிலேயே செல்லாக்காசாக்கியது. ஆக்கியவள் நான்.

நான் பிறந்து வளர்ந்தது இதே பெங்களூரு அடுகோடியில். அப்பாவுக்கு லேத்துப் பட்டறையில் வேலை. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பக்கத்து வீட்டில் உருது, பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்களிடம் ஆங்கிலம். நாலு மொழி தெரியும் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. நாலும் அடுகோடிக்குப் போதுமான அளவுதான் தெரியும் என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

தொழிலுக்கு வந்த முதல் வருடம் பீன்யாவில் ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். வெளிநாட்டு இன்ஜினியர் புது மெஷினைப் பற்றி ஆங்கிலத்தில் விளக்குவார், நான் நம் ஆட்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். பாதி வார்த்தை புரியாமல் திணறினேன். கூட வந்த சீனியர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "தெரியலன்னா தெரியலன்னு காட்டிக்காதே. தப்பா இருந்தாலும் தைரியமா சொல்லு. நிறுத்தினா மாட்டிக்குவே" என்றார். அன்று மதியம் முழுக்கத் தைரியமாகத் தப்புத் தப்பாகச் சொன்னேன். ஒரு குறையும் வரவில்லை. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். மெஷின் தொழிலாளிகளின் கண்ணுக்கு முன்னாலேயே நின்றது, நான் உளறியதையெல்லாம் அவர்கள் மெஷினைப் பார்த்துச் சரிசெய்துகொண்டார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

இனி கடலுக்கு வருகிறேன். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது, நாட்டின் கடல்மீன் வளம் நலமாக இருக்கிறதா இல்லையா என்று மீனவர் அமைப்புகளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு கூட்டம் ஏற்பாடானது. மேற்குக் கரையில் வைத்தால் கிழக்குக் கரைக்காரர்கள் வர மாட்டார்கள். கிழக்கில் வைத்தால் மேற்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே இருக்கிற நம் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஹோட்டல். மேடைப் பேனரில் ஒரு டால்பின் சிரித்துக்கொண்டிருந்தது. அது மீனே இல்லை என்று சொல்ல அங்கே யாருக்கும் மனமில்லை.

அரங்கில் இரண்டு அணி. ஒரு பக்கம் பெரிய விசைப்படகுகளின் உரிமையாளர்கள். கடலில் மீன் தளும்பி வழிகிறது என்பது அவர்கள் கட்சி. மறுபக்கம் சின்ன நாட்டுப்படகு மீனவர்கள். மீன் அழிந்துகொண்டிருக்கிறது, அழிப்பது எதிரே உட்கார்ந்திருப்பவர்கள்தான் என்பது இவர்கள் கட்சி. நடுவில் விஞ்ஞானிகள். அவர்களுடைய வரைபடத்தில் கோடு ஒரு வருடம் ஏறும், ஒரு வருடம் இறங்கும். இரண்டு அணியும் தங்களுக்கு வேண்டிய வருடத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. கட்டுப்பாடு பற்றிப் பேச்சு வந்தால் பெரிய படகுக்காரர்களின் கடலில் மீன் துள்ளும். நிவாரணம் பற்றிப் பேச்சு வந்தால் அதே கடலில் தண்ணீர் மட்டும்தான் இருக்கும்.

அந்தத் தடவை விவகாரம் சுருக்குமடி வலை பற்றியது. மீன் கூட்டத்தை வளைத்து, அடியில் சுருக்கை இழுத்து, குஞ்சு குளுவானோடு அள்ளுகிற வலை அது. அதற்கான தடையைத் தளர்த்தலாமா என்பதுதான் கேள்வி. மீன் நலம் என்று அறிக்கை சொன்னால் தடை தளரும், இல்லை என்றால் தொடரும்.

நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் கிராமம் ஒன்றின் சார்பில் பேச வந்திருந்தவர் கலியமூர்த்தி. அறுபது வயதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டை, காதோரம் உப்பில் வெளுத்த முடி. அந்தப் பக்கத்து ஊர்களில் பஞ்சாயத்தார் சொல்தான் சட்டம். ஊர் கூடி, யார் பேச வேண்டும், எதைப் பேச வேண்டும் என்று முடிவுசெய்து அவரை அனுப்பியிருந்தார்கள். அவருக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். காலையில் கூண்டுக்கு வந்து கண்ணாடியைத் தட்டினார். "அம்மா, நீங்கதான் எம் பேச்ச அவங்களுக்குச் சொல்லப் போறீங்களா? கொஞ்சம் பாத்து சொல்லுங்கம்மா. ஊரே காத்துக்கிட்டிருக்கு" என்றார்.

நான் பலமாகத் தலையாட்டினேன். ஏஜென்சி அனுப்பிய வார்த்தைப் பட்டியலை இரண்டு நாள் உருப்போட்டிருந்தேனே! நீடித்த மீன்வளம், பல்லுயிர்ப் பெருக்கம், கூட்டு மேலாண்மை, எல்லாம் நுனிநாக்கில் நின்றன. மீனவர்கள் வாயில் தினமும் புழங்குகிற வார்த்தை ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

கலியமூர்த்தி எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மூணு வருசமா மீன்பாடே இல்லைங்க. பாடு இருந்தாத்தானங்க வூட்ல அடுப்பெரியும். சுருக்குமடி வந்த பெறகுதான் இப்புடி" என்றார்.

அடுகோடியில் பாடு என்றால் கஷ்டம். 'அவ பாடு திண்டாட்டம்' என்போம், 'நாய் படாத பாடு' என்போம். நாய் படுகிற பாடு மாதிரி இது மீன் படுகிற பாடு என்று எடுத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் நான் சொன்னதைத் திரும்பத் தமிழில் போட்டால் இப்படி வரும்: "கடந்த மூன்று ஆண்டுகளாக மீன்களுக்கு எந்தத் துன்பமும் இல்லை. துன்பப்பட்டு உழைத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். சுருக்குமடி வலை வந்த பிறகுதான் இந்த நல்ல நிலைமை."

'நல்ல' என்பது நானே சேர்த்தது. துன்பம் இல்லை என்றால் நல்ல நிலைமைதானே? சொல்லி முடித்ததும் ஒரு நொடி உறுத்தியது. இவ்வளவு தூரம் ரயிலேறி வந்து இந்த மனிதர் எதிராளியை ஏன் பாராட்டுகிறார்? நிறுத்திக் கேட்டிருக்கலாம். சீனியர் காதுக்குள் வந்து, 'நிறுத்தினா மாட்டிக்குவே' என்றார். நான் நிறுத்தவில்லை.

சிலர் ஹெட்போனை அழுத்திப் பிடித்து நிமிர்ந்தார்கள். பிறகு பெரிய படகுக்காரர்கள் கை தட்டினார்கள். ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். தலைமை வகித்த ஓய்வுபெற்ற அதிகாரி, உழைப்பைப் பற்றிய அந்த அடுப்பு வாக்கியத்தைத் தன் டைரியில் குறித்துக்கொண்டார். கலியமூர்த்தி சுற்றிலும் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எதிரணியைப் பார்த்துக் கைகூப்பினார். அந்தக் கைகூப்பலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மதியச் சாப்பாட்டில் மீன் வைத்திருந்தார்கள். குளத்தில் வளர்த்து, முள்ளெடுத்து, ஐஸில் வந்த பாசா. இரண்டு அணியும் ஒரே மனதாக நிறைவேற்றிய ஒரே தீர்மானம், அது மீனே இல்லை என்பதுதான். கலியமூர்த்தி தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவங்களே கை தட்டிட்டாங்க பாத்தீங்களாம்மா? முப்பது வருசச் சண்ட. நீங்க என்னமோ நல்லா சொல்லியிருக்கீங்க."

பெருமையாகச் சிரித்தேன். அவர் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். காது கொஞ்சம் மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னிக்கிப் பாடு எப்புடிடா?"

"பாடா? வல நனஞ்சதுதான் மிச்சம்ப்பா" என்றது மகனின் குரல்.

கையிலிருந்த பாசாவைத் தட்டிலேயே போட்டேன். பாடு என்றால் வலையில் வந்த மீன். தமிழ்ப் பேப்பரை ஒழுங்காகப் படித்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். மூன்று வருடமாக வலையில் மீனே விழவில்லை என்று அந்த மனிதர் கதறியிருக்கிறார். நான் அதை மீன்களின் சௌக்கியச் சமாச்சாரமாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. கை கழுவுகிற சாக்கில் எழுந்து ஒருங்கிணைப்பாளரிடம் ஓடினேன். அவரும் நம் பக்கத்துப் பையன்தான், தமிழில் பாதி கன்னடம் கலந்து பேசுவார்.

"மேடம், ரெண்டு கோஷ்டியும் ஒத்துப்போன மொதல் மீட்டிங் இது. பிரஸ் நோட்டுகூட வாட்ஸாப்ல போயாச்சு. பிடி மேடம், பிடி!" என்றார்.

கன்னடத்தில் பிடி என்றால் 'விடுங்கள்' என்று அர்த்தம். எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் அன்றைக்கு என் காதில் அது தமிழாகத்தான் விழுந்தது. விடக்கூடாது, பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

இரண்டு மணிக்குத் தலைவர் தீர்மான வரைவை ஆங்கிலத்தில் படித்தார். நான் கூண்டில் இருந்து அதைத் தமிழில் சொல்ல வேண்டும். 'சிறுபடகு மீனவர்களும் மீன்வளம் நலமாக இருப்பதாக ஒப்புக்கொண்டனர்' என்ற வரி வந்தது. பிள்ளைகளே, கவனமாகக் கேளுங்கள், நம் தொழிலில் ஆபத்தான இடம் இதுதான். அந்த வரியை மாற்றி மழுப்பிச் சொல்லியிருந்தால் அவர் அப்படியே நிம்மதியாக ரயிலேறியிருப்பார். என் தப்பு எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். மாற்றிச் சொல்ல வாக்கியம்கூட நாக்கில் தயாராக இருந்தது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக வந்தது. வரியை அப்படியே சொன்னேன். தொடர்ந்து, "ஐயா, இது நான் பண்ணின தப்பு. நீங்க சொன்னத நான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன். கூண்டுக்குள் இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் 'நான்' என்பது நானாக இருந்தது.

கலியமூர்த்தி திரும்பிக் கூண்டைப் பார்த்தார். ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஹெட்போனைக் கழற்றி வைத்திருந்ததால் நான் சொன்னது அவர்கள் யாருக்கும் கேட்கவில்லை. இறங்கி ஓடிப் போய் அரங்க மைக்கைப் பிடித்தேன்.

"நீங்கள் எந்தச் சங்கம்?" என்று தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"சங்கம் இல்லை சார். மொழிபெயர்ப்பாளர்."

"சங்கம் இல்லாமல் இந்த மைக்கில் பேச விதியில்லையே."

விதி இல்லாமலேயே பேசினேன். அவர் சொன்னது வேறு, நான் சொன்னது வேறு, இவர்கள் வலையில் மீனே விழுவதில்லை என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். பெரிய படகுக்காரர் ஒருவர், ஒரு தடவை சொன்னது சொன்னதுதான் என்றார். கலியமூர்த்தி கோபமாக எழுந்து தமிழில் நீளமாகப் பேசினார். நான் கீழே நின்றதால் கூண்டு காலி. செலவைக் குறைக்க ஏஜென்சி அன்று என் ஒருத்தியைத்தான் அனுப்பியிருந்தது. என் வாயாலேயே அவர் பேச்சைச் சொல்லப் போனேன், அவருடைய மூன்று நிமிடம் காலையிலேயே முடிந்துவிட்டது என்று தலைவர் தடுத்துவிட்டார். மாலையில் வந்த கூட்டக் குறிப்பில் 'விவாதம் உற்சாகமாக நடைபெற்றது' என்று இருந்தது. அதற்குக் கீழே மூன்று தரப்புகளின் நிலைப்பாடு. பெரிய படகுகள்: மீன்வளம் நலம். சிறு படகுகள்: மீன்வளம் நலம். மொழிபெயர்ப்பாளர் சங்கம், பெங்களூரு: மாற்றுக் கருத்து.

இப்படித்தான் கடலையே பார்த்திராத நான் இந்தியக் கடலின் மூன்றாவது தரப்பானேன்.

கூட்டம் கலையும் முன்பே வாட்ஸாப் செய்தி ஊருக்குப் போய்விட்டது. சுருக்குமடியைக் கலியமூர்த்தி புகழ்ந்தார் என்று பேரோடு போட்டிருந்தார்கள். ஹோட்டல் வாசலில் கம்பெனிக் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, அவர் போனை என்னிடம் நீட்டினார். "பஞ்சாயத்தார் பேசுறாங்க. நீங்களே சொல்லுங்க" என்றார். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

எதிர்முனையில் நிதானமான ஒரு குரல். "நீங்க தப்ப ஒத்துக்கிட்டீங்க, அது உங்க பெரிய மனசு. ஆனா ஊரு பேர்ல பேசப் போனவரு, கை தட்டுனவன் யாருன்னு பாக்க வேணாமா? எதிராளி கை தட்டுனா சந்தேகம் வர வேணாமா? இனிமே ஊரு சார்பா வேற ஆளு பேசட்டும்."

அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது. கலியமூர்த்தி போனை வாங்கிப் பைக்குள் போட்டார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "அம்பது வருசம் கடல்ல கெடந்து சேத்த சொல்லும்மா அது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினார். அன்று வீட்டுக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து, நான் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தபோது ஒரு கடிதம் வந்தது. அடுத்த ஆலோசனைக் கூட்டத்துக்கு அழைப்பு. பெறுநர், 'தலைவர், மொழிபெயர்ப்பாளர் சங்கம்'. மீன்வளம் குறைகிறது என்று கருதும் தரப்பின் சார்பில் நான் கலந்துகொள்ள வேண்டுமாம். கலியமூர்த்திக்கு அழைப்பு இல்லை. அவர் தரப்புதான் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டதே! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கடைசி வரியில், ஒரு சங்கத்துக்கு இரண்டு பிரதிநிதிகள் வரலாம் என்று இருந்தது. உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"நான் இப்ப எந்தக் கூட்டத்துக்கும் போறதில்லம்மா. கடலுக்குப் போறேன், வாறேன்."

"என் சங்கத்துல சேர்ந்துக்குங்க ஐயா."

"உங்க சங்கத்துல எத்தன பேரு?"

"நீங்க சேந்தா ரெண்டு."

மறுமுனையில் அவர் சிரிப்பது கேட்டது.

அதே ஹோட்டல், அதே டால்பின். கூண்டில் புதிதாக ஒரு பெண், பீன்யாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள். இப்போது உங்களோடுதான் உட்கார்ந்திருக்கிறாள், யாரென்று காட்டிக்கொடுக்க மாட்டேன். எங்கள் சங்கத்தின் முறை வந்தது. கலியமூர்த்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையைப் பார்க்காமல் கூண்டைப் பார்த்தார்.

"கூண்டுக்குள்ள இருக்குற பொண்ணே, பேசுறதுக்கு முன்னால ஒன்னு கேக்கணும். பாடுன்னா என்னான்னு தெரியுமா?"

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கோ, தைரியமாகத் தப்புச் சொல்ல இவளுக்கும் யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்களே என்று பயம். கூண்டிலிருந்து குரல் வந்தது.

"தெரியாதுங்க ஐயா. சொல்லுங்க."

அரங்கில் சிரித்தார்கள். கலியமூர்த்தி சிரிக்கவில்லை. "வலையில ஏறி வர்ற மீனுதான் பாடு. இப்ப நான் பேசலாமா?" என்றார்.

"பேசுங்க ஐயா."

அதே மூன்று வாக்கியங்களைச் சொன்னார். மூன்று வருடம் என்பது மட்டும் ஐந்து வருடமாகியிருந்தது. இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. பெரிய படகுக்காரர்கள் எழுந்து நின்று பொய் பொய் என்று கத்தினார்கள், மேஜையைத் தட்டினார்கள். கலியமூர்த்தி ரொம்பத் திருப்தியாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சண்டை சரியாக மொழிபெயர்ந்திருந்தது.

மேலும் ஆய்வு தேவை என்று அறிக்கை முடிந்தது. எந்த அறிக்கைதான் வேறு மாதிரி முடிந்திருக்கிறது? ஆனால் அவர் சொன்ன சொல் அவர் பெயரோடு உள்ளே இருந்தது. அந்தப் பக்கத்தை ஊருக்கு அனுப்பினேன். டில்லியில் அதை யாராவது படித்தார்களா, எனக்குத் தெரியாது. அவர் ஊரில் கோயில் வாசலில் கூட்டம் போட்டு, கல்லூரியில் படிக்கிற ஒரு பெண்ணை விட்டு வாசித்து, வரிவரியாகத் தமிழில் சொல்ல வைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் போன் வந்தது.

"அம்மா, உங்க சங்கத்துலேருந்து எம் பேர அடிச்சிருங்க. இனிமே ஊரு பேருலயே பேசிக்கன்னுட்டாங்க."

அடித்துவிட்டேன்.